நூலக நேரத்தை நீட்டிக்க யாரிடம் கேட்க வேண்டும்?

இரண்டாமாண்டு: எங்கள் கல்லூரி நூலகத்தைத் தேர்வு நேரத்திலும் ஆறு மணிக்கே பூட்டிவிடுகிறார்கள். நானூறு பேரிடம் கையெழுத்து வாங்கி முதல்வரிடம் கொடுத்தோம், நன்றாகத்தான் பேசினார், "பரிசீலிக்கிறோம்" என்றார், மூன்று மாதம் ஆகிறது. மாணவர் பிரதிநிதியைக் கேட்டால் கலைவிழா வேலையில் இருக்கிறேன் என்கிறான். உண்மையில் இதை முடிவு செய்வது யார்?

பழைய பிரதிநிதி: முதல்வர் பொய் சொல்லியிருக்க மாட்டார், அவரால் தனியாக முடியாது, அவ்வளவுதான். நூலகம் கூடுதலாக மூன்று மணி நேரம் திறந்திருந்தால் ஓர் ஆள் கூடுதலாக வேண்டும், ஆள் என்றால் சம்பளம், சம்பளம் என்றால் நிதிக் குழு. பாடத்திட்டம், தேர்வு எல்லாம் கல்விக் குழு பக்கம். பணமும் நியமனமும் ஆட்சிக் குழு பக்கம். இடையில் நூலகக் கமிட்டி என்று ஒன்று அநேகமாக இருக்கும், பரிந்துரை அங்கிருந்துதான் மேலே போகும். போன வருட மினிட்ஸை, அதாவது கூட்டத்தில் பேசியதை எழுதி வைக்கும் குறிப்பை, கேட்டு வாங்கி, "நூலகம்" என்ற சொல் எந்தக் கூட்டத்தில் வருகிறது என்று மட்டும் பாருங்கள்.

நான் ஒரு வருடம் கமிட்டியில் உட்கார்ந்தேன். முதல் இரண்டு கூட்டத்தில் கடைசியாக வரும் "இதர விஷயங்கள்" நேரத்தில் ஆவேசமாகப் பேசினேன், எல்லோரும் தலையாட்டினார்கள், மினிட்ஸில் ஒரு வரிகூட இல்லை. அப்புறம்தான் உறைத்தது: அஜெண்டாவில், அதாவது கூட்டத்துக்கு முன்பே போடும் நிகழ்ச்சி நிரலில், ஏறாத விஷயம் பேசப்பட்டதாகவே கணக்கில்லை, அஜெண்டாவுக்குக் கடைசித் தேதி என்று ஒன்று உண்டு, அது தெரிந்தவர் அலுவலகத்தில் கோப்பு பார்க்கும் உதவியாளர். முதல்வரைவிட அவரிடம் பத்து நிமிடம் பேசுவது மேல்.

இன்னொன்று, நானூறு கையெழுத்தைவிட இரண்டு வாரம் தினமும் பூட்டும் நேரத்தில் எத்தனை பேர் எழுந்து போகிறார்கள் என்று எண்ணி எழுதிய ஒரு தாள் நிற்கும். வருடம் முழுக்கக் கேட்காதீர்கள். தேர்வுக்கு முந்தைய மூன்று வாரம், சோதனையாக, என்று கேளுங்கள். மறுக்கக் கஷ்டமான கோரிக்கை அது.

கடைசி பெஞ்ச்: இருபது பேர் கமிட்டியில் ஒரு மாணவர் நாற்காலி வெறும் அலங்காரம். இடைக்காலத்தில் இத்தாலியின் பொலோனியா பல்கலைக்கழகத்தில் மாணவர் சங்கங்களே பேராசிரியர்களை வேலைக்கு வைத்து, தாமதமாக வந்தால் அபராதமும் போட்டன. 1918-ல் அர்ஜென்டினாவின் கோர்டோபாவில் மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்த பிறகுதான் நிர்வாகத்தில் பங்கு கிடைத்தது, அது லத்தீன் அமெரிக்கா முழுக்கப் பரவியது. தாள் நீட்டி யாரும் எதுவும் வாங்கவில்லை.

பழைய பிரதிநிதி: சரி, ஒத்துக்கொள்கிறேன், வெளியே கூட்டம் இல்லாவிட்டால் உள்ளே பேச்சு எடுபடாது. ஆனால் கோர்டோபாக்காரர்கள் என்ன வேண்டும் என்பதையும் தெளிவாக எழுதி வைத்திருந்தார்கள். வேலைநிறுத்தம் முடிந்த மறுநாளும் யாரோ ஒருவர் கமிட்டியில் உட்கார்ந்து மினிட்ஸ் படிக்கத்தான் வேண்டும். எங்கள் விஷயத்தில் கதை அங்கேதான் கெட்டது, நான் படிப்பு முடிந்து வெளியேறியபோது அடுத்த பிரதிநிதிக்கு ஒரு நோட்டுப் புத்தகம்கூட விட்டுவரவில்லை, அவர் மறுபடி "இதர விஷயங்களில்" இருந்து தொடங்கினார்.

இரண்டாமாண்டு: இன்று நூலகரிடமே போய்ப் பேசினேன். கூடுதல் ஆள் வேண்டும் என்று அவரே இரண்டு முறை எழுதிக் கொடுத்தாராம், மாணவர் யாரும் கேட்கவில்லையே என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம்! எங்கள் கையெழுத்துத் தாள் அவர் கண்ணுக்கே வரவில்லை. அஜெண்டாவுக்குக் கடைசி நாள் அடுத்த வெள்ளி, அதனால் இரண்டு வாரம் எண்ண நேரமில்லை, ஒரு வாரம்தான். நேற்று 63 பேர், இன்று 71. ஒரு பக்கக் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன், முடிந்ததும் இங்கே போடுகிறேன், கிழித்துத் தோரணம் கட்டுங்கள்.