தளி பக்கம் பாலிஹவுஸுக்கு எந்தக் குடைமிளகாய்? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

வணக்கம். ஓசூர்கிட்ட தளி பக்கம் 25 சென்ட் பாலிஹவுஸ் (பிளாஸ்டிக் கூரை போட்ட பசுமைக்குடில்), அதாவது ஏறக்குறைய 1000 சதுர மீட்டர். போன வருஷம் ஐப்பசியில் சிவப்பு, மஞ்சள் ரெண்டும் நட்டேன். கார்த்திகை வரைக்கும் செடி பார்க்கவே அழகு. மார்கழிப் பனி இறங்கியதும் எல்லாம் மாறிடுச்சு. பூ நிறைய, ஆனா காய் எலுமிச்சை அளவிலேயே நின்னு, தக்காளி மாதிரி தட்டையா ஆயிடுச்சு. ஒண்ணை வெட்டிப் பார்த்தேன், உள்ளே நாலே விதை.

ராத்திரி வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே போனா மகரந்தம் வலுவிழந்துடும், அதான் காரணம்னு இப்பத்தான் தெரியுது. நாற்றுப் பண்ணையில் "எல்லா சீசனுக்கும் வரும்"னு சொன்னாங்க. ரகத்தின் பெயரை எழுதி வாங்காதது என் தப்பு.

இந்தத் தடவை ரகம் பார்த்துத்தான் நடணும். பச்சைக்கு இந்திரா, சிவப்புக்கு பாம்பி, மஞ்சளுக்கு ஒரோபெல்னு பலர் சொல்றாங்க. தளி, தேன்கனிக்கோட்டை குளிரில் இதையெல்லாம் வெச்சவங்க இருக்கீங்களா? மார்கழி, தை மாசத்துல எது நாலு மூலையோட சதுரமாக் காய்ச்சுது? கலர் ஏற செடியிலேயே இன்னும் சில வாரம் விடணும், அதனால குளிர்ல பச்சையாவே பறிச்சு வித்துடலாமான்னும் யோசனை.

சாயங்காலம் நாலு மணிக்கே பக்கவாட்டுத் திரையை இறக்கி விட்டா உள்ளே சூடு நிக்குமா? காலையில் இலையெல்லாம் ஈரமா இருக்கு, சாம்பல் நோய் வந்துடுமோன்னு பயம்.

ஆடியில் நாற்றுக்குச் சொல்லணும், அதுக்குள்ள சொன்னீங்கன்னா புண்ணியமா போகும்.