டெட்லிஃப்டில் மிக்ஸ்டு கிரிப்: கையை அறுப்பது பிடியா, முழங்கையா?

சேலம் இரும்பு:
"மிக்ஸ்டு கிரிப் பிடிப்பவன் தன் பைசெப்ஸை, மேற்கையின் முன்தசையை, தானே அறுத்துக்கொள்கிறான், எல்லோரும் கட்டைவிரலை அடக்கிப் பிடிக்கும் ஹூக் கிரிப்புக்கு மாறுங்கள்" என்று வடசென்னைத் தூக்கி நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. தரையில் கிடக்கும் எடை மாட்டிய பாரை இடுப்புவரை தூக்கும் டெட்லிஃப்டில், 14 வருடமாக மிக்ஸ்டு கிரிப்தான், அதாவது ஒரு உள்ளங்கையை முன்னே திருப்பியும் மற்றதை என் பக்கம் திருப்பியும்தான் தூக்குகிறேன். என் கைக்கு ஒன்றும் ஆனதில்லை. அறுந்தவர்கள் எல்லாம் முழங்கையை மடக்கி இழுத்தவர்கள். கையைக் கயிறு போலத் தொங்கவிடத் தெரிந்தவனுக்கு எந்தப் பிடியும் ஆபத்தில்லை.

வடசென்னைத் தூக்கி:
உங்கள் கை பிழைத்தது உங்கள் நல்ல நேரம். அது ஆதாரமாகாது. டெட்லிஃப்டில் பைசெப்ஸ் தசைநாண் அறுந்த 35 யூடியூப் காணொளிகளை ஆராய்ந்து 2021-ல் ஒரு கட்டுரை வந்தது. அத்தனை பேரும் மிக்ஸ்டு கிரிப். அறுந்தது அத்தனையும் உள்ளங்கை முன்னே பார்த்த கை.

சேலம் இரும்பு:
முழங்கை மடங்கியிருந்ததா, இல்லையா? அதைச் சொல்லுங்கள். பெரிய எடை தூக்குபவர்களில் பெரும்பாலோர் மிக்ஸ்டு கிரிப் பிடிக்கிறார்கள். கூட்டம் போகும் சாலையில்தான் விபத்தும் நடக்கும்.

பிசியோ மாணவி:
சார், அந்தக் கணக்கு இங்கே பொருந்தாது. ஒரே ஆள், ஒரே பார், இரண்டு கைகள். சாலை இரண்டு கைக்கும் பொதுதான். பிறகு ஏன் முன்னே திரும்பிய கை மட்டும் அறுகிறது? பைசெப்ஸ் முழங்கையை மடக்கும், உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பவும் செய்யும். அதன் தசைநாண் முன்கையின் ஆரை எலும்பில் போய்ப் பிடித்திருக்கிறது. உள்ளங்கையை முன்னே திருப்பி வைத்தால், மடக்கு என்று அதற்கு நாமே அழைப்பு வைக்கிறோம்.

சேலம் இரும்பு:
ஆக, மடக்கினால்தான் அறுகிறது. நான் சொன்னதையே நீங்களும் சொல்கிறீர்கள், நன்றி அம்மா.

பிசியோ மாணவி:
நான் அப்படிச் சொல்லவில்லை.

வடசென்னைத் தூக்கி:
எனக்கு அறுந்தது 180 கிலோவில், இடது கை. பயிற்சிக்கூடமே திரும்பிப் பார்க்கும்படி ஒரு சத்தம். அறுவை சிகிச்சைக்குப் பிறகு மாதக்கணக்கில் தண்ணீர்க் குடம்கூடத் தூக்கவில்லை. என் முழங்கை நேராகத்தான் இருந்தது.

சேலம் இரும்பு:
180 கிலோவை இழுக்கும்போது உங்கள் முழங்கையை எந்தக் கண்ணால் பார்த்தீர்கள்? காணொளி இருந்தால் போடுங்கள்.

வடசென்னைத் தூக்கி:
அறுந்தது என் கை. அதற்கும் உங்களிடம் சான்றிதழ் வாங்க வேண்டுமா? போன வருடம் பெல்ட் விவாதத்திலும் இப்படித்தான் எல்லோரையும் வாயடைக்கப் பார்த்தீர்கள். நான் மறக்கவில்லை.

காவிரிக்கரை:
இரண்டு பேருக்கும் ஸ்ட்ராப் என்று ஒன்று, மணிக்கட்டைப் பாரோடு சேர்த்துச் சுற்றும் பட்டை, இருப்பது தெரியாதா? இரண்டு உள்ளங்கையும் நம் பக்கம் பார்க்கட்டும், ஸ்ட்ராப்பைச் சுற்றுங்கள், முடிந்தது. பிரிட்டன் ஸ்ட்ராங்மேன் வீரர் எடி ஹால் 2016-ல் 500 கிலோ தூக்கியது ஸ்ட்ராப்பில்தான்.

சேலம் இரும்பு:
ஐபிஎஃப் எனும் சர்வதேசப் பவர்லிஃப்டிங் கூட்டமைப்பின் மேடையில் ஸ்ட்ராப்புக்கு அனுமதி கிடையாது தம்பி. ஸ்ட்ராங்மேன் போட்டி வேறு, பவர்லிஃப்டிங் வேறு. பிடிக்கத் தெரியாதவனுக்குத்தான் துணிப்பட்டை.

காவிரிக்கரை:
நான் மேடை ஏறப் போவதில்லை அண்ணா. காலையில் தூக்கிவிட்டு அலுவலகம் போகிறவன். எனக்கு எதற்கு ஐபிஎஃப் விதி? என் தோள் கெடாமல் இருந்தால் போதும்.

பிசியோ மாணவி:
தோளைப் பற்றி இப்போதாவது ஒருவர் பேசினாரே. மிக்ஸ்டு கிரிப்பில் ஒரு தோள் வெளியே சுழல்கிறது, மற்றது உள்ளே. எப்போதும் ஒரே கையை முன்னே திருப்புபவர்கள் செட்டுக்குச் செட்டாவது கையை மாற்ற வேண்டும். சேலம் சார் மாற்றுகிறாரா?

சேலம் இரும்பு:
14 வருடமாக இடது கைதான். மாற்ற அவசியம் வந்ததில்லை.

வடசென்னைத் தூக்கி:
ஹூக் கிரிப்பில் கட்டைவிரலை விரல்களுக்கு அடியில் அடக்கினால் இந்தத் தொல்லையே இல்லை. ஒலிம்பிக் பளுதூக்குபவர்கள் ஏறக்குறைய எல்லோரும் அப்படித்தான் பிடிக்கிறார்கள். சில வாரம் கட்டைவிரல் வலிக்கும். வலிக்குப் பயந்தவர்கள்தான் இங்கே வீரம் பேசுகிறார்கள்.

சேலம் இரும்பு:
யாருக்குப் பயம்? கட்டைவிரல் நசுங்கப் பிடித்து நானும் தூக்கிப் பார்த்தவன்தான். நீங்கள் இன்னும் என் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. முழங்கை மடங்கியிருந்ததா, இல்லையா?

வடசென்னைத் தூக்கி:
சொல்லிவிட்டேன். நேராக இருந்தது.

சேலம் இரும்பு:
காணொளி?