குழுத் தலைவி அழலாமா?

கண்டரக்கோட்டைப் பெண்:
எங்கள் மகளிர் குழுவில் 14 பேர். நான்தான் ஊக்குநர். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் மழையோடு சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணை ஊருக்குள் வந்தபோது என் தையல் மெஷின், இரண்டு ஆடு, தவணை எழுதும் நோட்டு எல்லாம் போயிற்று. அன்றிலிருந்து கூட்டத்தில் எல்லோருக்கும் தைரியம் சொல்கிறேன். வீட்டுக்கு வந்தால் கை நடுங்குகிறது. மூன்று பேர் தவணையே கட்டுவதில்லை, கேட்கவும் வாய் வரவில்லை. பொறுப்பை வேறு யாரிடமாவது கொடுத்துவிடட்டுமா?

தேவனாம்பட்டினம் அக்கா:
நோட்டு போனால் போகட்டும்மா. பேங்க்கில் கட்டினது பாஸ்புக்கில் இருக்கும். மீதியை 14 பேரையும் உட்காரவைத்துச் சொல்லச் சொல்லி எழுது.

முந்திரிக்கொல்லை:
தங்கச்சி, தானே புயல் 2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் முந்திரி, அப்பா வைத்த மரங்கள். போய்ப் பார்த்தால் வேரோடு சாய்ந்து கிடந்தன. கொல்லையில் நின்றால் அடுத்த ஊர் தெரிந்தது.

நான் மூத்தவன். தம்பிகள் இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். "பாத்துக்கலாம்டா" என்றேன். அதற்கப்புறம் பத்து நாள் அந்தப் பக்கமே போகவில்லை. என் வீட்டுக்காரிதான் அரிவாளைக் கையில் கொடுத்து, "அடுப்புக்கு விறகாவது வெட்டிட்டு வாங்க" என்றாள். ஒரு கிளை வெட்டுவதற்குள் அழுதுவிட்டேன். பெரிய தம்பி பார்த்துவிட்டான். "எனக்கும் என்ன பண்றதுனு தெரியலடா" என்றேன். நகையை அடகு வைத்திருப்பதை அவன் அன்றைக்குத்தான் என்னிடம் சொன்னான். அதற்கப்புறம்தான் மூன்று பேரும் உட்கார்ந்து உண்மையான கணக்கைப் போட்டோம்.

விழுந்த மரத்தை விற்று, ஏக்கருக்கு 80 ஒட்டுக்கன்று நட்டோம். ஊடே மல்லாட்டை, அதாவது நிலக்கடலை. முதல் இரண்டு வருஷம் வருகிற பூவைக் கிள்ளிப்போட வேண்டும், அப்போதுதான் மரம் கட்டும். கையில் காசில்லாத நேரத்தில் பூவைக் கிள்ளுவது எவ்வளவு கொடுமை! சின்னத் தம்பிக்குக் கை வரவில்லை. நான் அவன் பக்கத்தில் நின்று கிள்ளினேன். மூன்றாம் வருஷம் கொட்டை பார்த்தோம்.

பொறுப்பை விடாதீங்க. உங்க ஆடு போனதை முதலில் அவங்ககிட்ட சொல்லுங்க.

கண்டரக்கோட்டைப் பெண்:
அண்ணா, ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிட்டேன். அழுதும்விட்டேன். தவணை கட்டாதவர்களில் ஒருத்தி, வீட்டுக்காரர் கை முறிந்து இரண்டு மாதமாக வேலைக்குப் போகவில்லை என்றாள். யாருக்குமே தெரியாது. அவள் வாரம் 50 ரூபாய் கட்டினால் போதும் என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தோம். மற்ற இரண்டு பேர் கூட்டத்துக்கு வரவில்லை. நாளைக்கு அவர்கள் வீட்டுக்கே போகிறேன்.