கிணற்றடியில் ஒரு பாத்தி: வன்னியில் வீட்டுத்தோட்டம் தொடங்கியவர்களின் அனுபவங்கள்

வட்டக்கச்சியிலிருந்து:

புதிதாக வீட்டுத்தோட்டம் தொடங்க நினைப்பவர்களுக்கு, என் முதல் தோட்டம் அழிந்த கதையைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அது 2022ஆம் ஆண்டு. அந்த ஜூன் மாதம் அரசாங்க ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை தந்து, வீட்டில் பயிர் செய்யச் சொன்னார்கள். நான் கிளிநொச்சியில் ஓர் அலுவலகத்தில் முகாமைத்துவ உதவியாளராக இருக்கிறேன். ஒரு பிடி கீரையைக்கூட இரண்டு தரம் விலை கேட்டு வாங்கிய காலம் அது. பெற்றோலுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை. வளவில் நிலம் இருக்கிறது, கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, அப்பா ஆயுள் முழுவதும் இரணைமடுத் தண்ணீரில் வயல் செய்தவர். எனக்கு ஏன் முடியாது என்று நினைத்தேன்.

அரைப் பரப்பு நிலத்தைக் கூலிக்கு ஆள் பிடித்துக் கொத்துவித்தேன். கத்தரி, மிளகாய், தக்காளி, வெண்டி, பயற்றை, பாகல், பூசணி என்று ஏழு வகையையும் இரண்டு வெள்ளிக்கிழமைகளில் போட்டு முடித்தேன். பக்கத்து மாட்டுக்கொட்டிலில் அன்று அள்ளிய பச்சைச் சாணத்தையே பசளையாகப் போட்டேன்.

அது சோழகம் அடிக்கும் காலம். வன்னியில் பிறந்தவளுக்கு அந்தக் காற்றைத் தெரியாமல் இல்லை. ஆனால் துணி காயப்போடுகிறவளாக மட்டுமே அதுவரை அதை அறிந்திருந்தேன். காலை ஆறு மணிக்கு ஊற்றிய தண்ணீரின் ஈரம் பத்து மணிக்கு மண்ணின் மேல் இருக்காது. மின்வெட்டு நேரத்தில் நீரிறைக்கும் மோட்டாரும் இல்லை. வாளியால் அள்ளி அரைப் பரப்பையும் நனைக்க ஒன்றரை மணி நேரம் ஆகும். அதற்குப் பிறகு வேலைக்கு ஓட வேண்டும். பச்சைச் சாணம் மக்கும்போது சூடு எழும்பும் என்பதும், காய்ந்த மண்ணில் அது கறையானைக் கூப்பிட்டுவிடும் என்பதும் நாற்றுகள் அடியில் கருகி விழுந்த பிறகுதான் தெரிந்தது. ஆவணி பிறக்கும்போது அந்த அரைப் பரப்பில் மிஞ்சியவை இரண்டு வெண்டிச் செடிகள். மற்ற இடமெல்லாம் கோரைப்புல்.

அந்த நாட்களில் வேலிக்கு அப்பால் நின்று பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ஆச்சி, ஒருநாள் படலையைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். புல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “பிள்ளை, கிணற்றடியில் ஒரு பாத்தி போடு. பாத்திரம் கழுவ வரும்போது உன் கண்ணில் படும் இடமாக இருக்கட்டும். புரட்டாதி வரட்டும், அவசரப்படாதே” என்றார். அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை. இந்த மூன்று ஆண்டுகளில் நான் கற்ற எல்லாவற்றுக்கும் அடி அந்த வார்த்தைகள்தான்.

பத்தடி நீளம், மூன்றடி அகலம். இரண்டு பக்கமும் குந்தியிருந்து கை நீட்டினால் நடுவைத் தொட முடிய வேண்டும், பாத்திக்குள் கால் வைக்கவே கூடாது. மிதித்த மண் இறுகிவிடும், இறுகிய மண்ணில் வேர் ஓடாது. நானே கொத்தினேன். ஓர் அடி ஆழத்தில் மண்வெட்டியில் பச்சை நாராக ஏதோ சுற்றிக்கொண்டு வந்தது. இழுத்தேன்; வந்துகொண்டே இருந்தது. உரப்பை. எங்கள் பதுங்குகுழி இருந்த இடம் அது. அப்பாவும் அண்ணாவும் மண் நிரப்பி அடுக்கிய பைகள். 2009 ஜனவரியில் நாங்கள் இந்த வளவை விட்டுப் போனோம். திரும்பி வந்தபோது குழி தூர்ந்து நிலத்தோடு நிலமாகியிருந்தது, எந்த இடம் என்றே மறந்துவிட்டோம். அன்று மாலை முழுவதும் குந்தியிருந்து அந்த நார்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தேன். அந்த மண் கறுத்து, பொலபொலவென்று இருந்தது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மீள்குடியேற்றத்துக்கு முன்பு கண்ணிவெடி அகற்றிய நிலமாக இருந்தாலும், கொத்தும்போது தெரியாத இரும்பு எதுவும் தென்பட்டால் அலவாங்கால் தட்டிப் பார்க்காதீர்கள், கையால் எடுக்காதீர்கள். மண்வெட்டியை அந்த இடத்திலேயே விட்டு, வந்த வழியே திரும்பி, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ சொல்லுங்கள். இதுவரை கொத்தாத மூலையில் குப்பை கூட்டி எரிக்கவும் வேண்டாம்.

பாத்தியை ஒரு சாண் உயர்த்திக் கட்டினேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்கள் வளவில் தண்ணீர் நிற்கும். மேட்டுப் பாத்தி இல்லாவிட்டால் வேர் அழுகிவிடும். நன்றாக மக்கிய மாட்டெருவும், வேலியில் நிற்கும் சீமைக்கிளுவையின் குழையும் போட்டுக் கிளறி, இரண்டு வாரம் அப்படியே விட்டேன். பிறகு நட்டவை மூன்று வகை மட்டுமே: கீரை, வெண்டி, கத்தரி. பாத்தியின் ஒரு தலைப்பில் ஆசைக்காக நான்கு தக்காளி.

கீரை விதை மிகச் சிறியது. வெறுமனே தூவினால் ஒரே இடத்தில் குவிந்துவிடும். அரைத் தேக்கரண்டி விதையை ஒரு சிரட்டை மணலோடு கலந்து தூவி, உள்ளங்கையால் மெதுவாகத் தட்டிவிட்டேன். அதற்கு மேல் மண் போடத் தேவையில்லை. வெண்டி விதையை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, விரல் நுனி ஆழத்தில், இரண்டடிக்கு ஒன்றாகப் போட்டேன். கத்தரியை நேரே பாத்தியில் போடக்கூடாது. அடியில் துளையிட்ட யோகட் கோப்பைகளில் நாற்று வளர்த்து, ஐந்து இலை வந்த பிறகு, ஏறத்தாழ ஒரு மாதத்தில், வெயில் சாய்ந்த நேரம் பார்த்து எடுத்து நட்டேன். திருநெல்வேலி ஊதா என்ற இனம். கமநல சேவை நிலையத்தில் கேட்டு வாங்கினேன். கலப்பின விதையாக இல்லாததால் அதன் பழுத்த காயிலிருந்தே அடுத்த போகத்துக்கு விதை எடுக்க முடிகிறது.

ஐந்தாம் நாள் காலை, பல் துலக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். வெண்டி போட்ட இடத்தில் மண் சிறு ஓடு போல வெடித்துத் தூக்கியிருந்தது. அதற்குக் கீழே கொக்கி போல வளைந்த ஒரு வெளிர்பச்சைத் தண்டு. அதன் தலையில் விதையின் கறுப்புத் தோல் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. மாலையில் அலுவலகத்தால் வந்து பார்த்தபோது தோல் விழுந்து, இரண்டு பருப்பிலைகளும் விரிந்திருந்தன. என் மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் அந்தத் தோலைத் தேடி எடுத்துத் தீப்பெட்டிக்குள் வைத்துக்கொண்டாள்.

தண்ணீர் விடுவதில்தான் தொடக்கக்காரர்கள் அதிகம் தவறுகிறோம். நானும் அன்பு மிகுதியால் காலையும் மாலையும் ஊற்றினேன், கத்தரி மஞ்சளாகியது. இப்போது சுட்டுவிரலை முதல் கணு வரை மண்ணுக்குள் விட்டுப் பார்க்கிறேன். ஈரம் ஒட்டினால் பூவாளியைத் தொடுவதில்லை.

கார்த்திகை மழையின் பிறகு தக்காளிக்கு ஒரு நோய் வந்தது. காலையில் நிமிர்ந்து நிற்கும், நடுப்பகலில் துவளும், மாலையில் மீண்டும் நிமிரும். மூன்றாம் நாள் நிமிரவே இல்லை. ஆனால் இலை பச்சையாகவே இருந்தது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். அலுவலக வேலையாக வந்த ஒரு விவசாயப் போதனாசிரியரிடம் சொன்னபோது, அவர் ஒரு சோதனை சொல்லித் தந்தார். செடியை அடித்தண்டில் வெட்டி, வெட்டுவாய் தண்ணீரில் முட்டும்படி, கண்ணாடிக் குவளையில் அசையாமல் பிடிக்க வேண்டும். செய்தேன். சில நிமிடங்களில் வெட்டிய இடத்திலிருந்து வெள்ளையாக, பால் இழை போல, ஒரு நூல் தண்ணீருக்குள் இறங்கியது. பற்றீரியா வாடல். அதற்கு மருந்து தெளித்துப் பயனில்லை; செடியைப் பிடுங்கி அழிக்க வேண்டும், கூட்டெருவில் போடக்கூடாது. கத்தரி, மிளகாய், தக்காளி மூன்றும் ஒரே குடும்பம் என்பதால் அந்த மண்ணில் சில போகங்களுக்கு அவற்றில் எதையும் வைக்கக்கூடாது. நான்கு தக்காளியையும் பழைய தகரத்தின் மேல் வைத்து எரித்தேன். அந்தத் தலைப்பில் இப்போது பயற்றை ஏறுகிறது. கத்தரிக்கு அது பரவாமல் தப்பியது என் நல்ல காலம்.

கீரையை இருபத்தைந்தாம் நாள் அரிந்தேன். ஒரு சட்டி நிறைய வந்தது. அம்மா தேங்காய்ப்பால் விட்டுக் கடைந்தார். வெண்டி கார்த்திகை முதல் வாரத்தில் காய்த்தது. வெண்டியை ஒன்றுவிட்ட ஒருநாள் ஆய வேண்டும். மூன்று நாள் விட்டால் முற்றி நாராகிவிடும். ஆச்சிக்கு முதல் பத்துக் காய்களைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒன்றின் நுனியை ஒடித்துப் பார்த்தார். ‘டக்’ என்று ஒடிந்தது. “சரி” என்றார்.

அளம்பிலிலிருந்து:

வட்டக்கச்சித் தங்கை எழுதியதைப் படித்தேன். உங்களுக்குத் தண்ணீர் நிற்பது கரைச்சல். எங்களுக்குத் தண்ணீர் நிற்காததே கரைச்சல். நான் கடற்றொழில் செய்பவன். எங்கள் வளவு முழுக்க மணல். ஒரு வாளி ஊற்றினால் கண் முன்னேயே உறிஞ்சிக்கொண்டு கீழே போய்விடும், போடும் பசளையையும் கூடவே கொண்டுபோய்விடும். முதலாம் வருடம் யூரியா போட்டுப் போட்டுப் பார்த்து வெறுத்துவிட்டேன்.

என் மாமியார்தான் வழி காட்டினார். இரண்டடி ஆழத்துக்குக் குழி வெட்டி, அடியில் தேங்காய்ப் பொச்சுமட்டைகளைக் குழிவான பக்கம் மேலே பார்க்க அடுக்கச் சொன்னார். அதன் மேல் சருகு, எரு, பிறகு மண். பொச்சு தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு, வேருக்கு மெதுவாகக் கொடுக்கும். புதுப் பொச்சாக இருந்தால் முதலில் சில நாள் ஊறவைத்து அந்தக் கறைத் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். இப்போது அப்படியான ஆறு குழிகளில் மிளகாயும் பூசணியும் வைத்திருக்கிறோம். கோடையில் பாத்தியை உயர்த்தாமல், நிலமட்டத்துக்குக் கீழே தாழ்த்திப் போடுகிறேன். விடுகிற தண்ணீர் வெளியே ஓடாது, காற்றும் நேரே அடிக்காது. மாரி தொடங்கும் முன் திரும்பவும் உயர்த்திக் கட்டிவிடுவேன். ஒரே பாத்தி, வருடத்துக்கு இரண்டு வடிவம். கடற்கரையில் இருப்பவர்கள் பழைய வலையை வேலியில் கட்டிவிடுங்கள், உப்புக்காற்றின் வேகம் குறையும். கோழியும் உள்ளே வராது.

நெடுங்கேணிப் பக்கத்திலிருந்து:

எங்களுக்கு மண்ணும் குறையில்லை, தண்ணீரும் குறையில்லை. குரங்கு. பயற்றங்காயில் பிஞ்சு விழுந்த அன்றே கூட்டமாக வந்து கொடியோடு இழுத்துவிட்டுப் போய்விடும். இரண்டு போகம் அழுதேன். பிறகு அவை எதைத் தொடுகின்றன, எதை விடுகின்றன என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்தேன். எங்கள் வளவில் இதுவரை மிளகாயையும் பாகலையும் தொடவில்லை. ஆகவே வெளிப்பக்கம் அவை, கீரையும் வல்லாரையும் பொன்னாங்காணியும் குசினி வாசலோடு. அங்கே எப்போதும் ஆள் நடமாட்டம் இருக்கும்.

காட்டோரம் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுச் சுவரோரம் வாழை வைக்காதீர்கள். யானை வாழைக்குத்தான் வரும். வாழை சுவரோரம் நின்றால் சுவருக்கும் வரும். நாங்கள் முற்றத்தில் நின்ற குட்டி வாழைகளையெல்லாம் போன வருடம் கிண்டி எடுத்துவிட்டோம். மனம் கேட்கவில்லைதான், ஆனால் சின்னப் பிள்ளைகள் படுக்கும் அறை அந்தப் பக்கம்.

மீண்டும் வட்டக்கச்சியிலிருந்து:

பொச்சுமட்டைக்கு நன்றி, அண்ணா. எங்கள் முன்பக்கத்து வளவு மண்ணும் ஈரம் தாங்காது. அங்கே செய்து பார்க்கிறேன்.

இந்த வாரம் தொடங்கலாமா, எதில் தொடங்கலாம் என்று இரண்டு மூன்று பேர் தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். இன்னும் முதல் மழை விழவில்லை. இப்போதே பாத்தியைக் கொத்தி, மக்கிய எருவைப் போட்டு வையுங்கள். மிளகாயும் கத்தரியும் வேண்டுமென்றால் கோப்பைகளில் நாற்றைப் போடுங்கள். மழை வரும்போது நடும் பருவத்துக்கு வந்துவிடும். கீரையைப் பெருமழைக்கு முன்பே ஒரு தரம் அரிந்துவிடுங்கள், அடைமழையில் சிறு நாற்றுகள் மண்ணோடு படுத்துவிடும். நோய், பூச்சி எதுவாயினும் சந்தேகம் வந்தால் விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம்.

எங்கள் பாத்தி இப்போது மூன்றாகிவிட்டது. அரைப் பரப்பு இன்னும் புல்லாகத்தான் கிடக்கிறது. அதை நான் தொடவில்லை. ஆச்சிக்கு இந்தச் சித்திரையோடு கண் நன்றாக மங்கிவிட்டது. மாலையில் கைபிடித்துக் கூட்டிவந்து கிணற்றுக் கட்டில் இருத்துவேன். இலையைத் தடவிப் பார்த்து, எந்தச் செடி, எத்தனை நாள் என்று சொல்கிறார். நேற்று கத்தரி இலையின் அடிப்பக்கத்தைத் தடவிவிட்டு, “அழுக்கணவன் வரத் தொடங்கிவிட்டது, நாளைக் காலை சாம்பல் தூவு” என்றார். திருப்பிப் பார்த்தேன். நரம்போரம் கடுகளவில் ஏழெட்டுப் பூச்சிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. இன்று விடியப் பனி காயும் முன்பே தூவிவிட்டேன்.