திருகோணமலைக் கடலில கண்டது ரெண்டும் நீலத்திமிங்கிலமோ?

கடற்காகம்:
போன ஞாயிறு நிலாவெளியால போட்டில வெளிக்கிட்டனாங்கள். ரெண்டு இடத்தில நீர்ப்பீச்சல் எழும்பினது. ஓட்டி ரெண்டையும் நீலம் எண்டுதான் சொன்னவர். முதலாவது பீச்சல் நேரா மேல போனது. மற்றது பதிவா, ஒரு பக்கம் சாய்ஞ்சது. அந்த மிருகம் கட்டை மாதிரி அசையாமல் மிதந்துபோட்டு, வாலைத் தூக்கிக்கொண்டு தாண்டது, பிறகு காணேல்லை. படங்கள் எல்லாம் கலங்கல். ரெண்டும் ஒரே இனமோ?

சோழகம்:
ரெண்டாவது ஸ்பேர்ம் திமிங்கிலம். காத்தடிச்சா எந்தப் பீச்சலும் சாயும், அதால சாய்வை மட்டும் நம்பாதேங்கோ. ஆனா ஸ்பேர்முக்கு மூச்சுத்துளை தலையின்ர முன்நுனியில, இடப்பக்கமா இருக்கு. அது போற திசையை வச்சுப் பாத்தா, பீச்சல் முன்னுக்கும் இடப்பக்கமும் சரியும். முதுகுத்தோலும் சுருங்கிக் கிடக்கும். படத்தைப் பெருப்பிச்சுப் பாருங்கோ. தாண்டா முக்கால் மணித்தியாலம் வராது, நீங்கள் அதுக்குள்ள திரும்பியிருப்பியள். எங்கட துறைமுகத்துக்குக் கிட்டவே கடல் கிடுகிடெண்டு ஆழமாகிறதாலதான் இதுகள் இவ்வளவு கரையோடு வருகுது. 1980களிலயே 'டூலிப்' எண்ட பாய்க்கப்பலில வந்த ஆய்வாளர் இங்க தண்ணிக்குள்ள மைக்கை இறக்கி, இதுகளின்ர 'டிக் டிக்' சத்தத்தைக் கேட்டுப் பின்னால போனவை.

முதலாவது நீலமாத்தான் இருக்கோணும். அதின்ர பீச்சல் 9 மீற்றர் வரைக்கும் போகும். பிறகு முதுகு வந்துகொண்டே இருக்கும், முடியிற இடத்திலதான் ஒரு சின்னச் செட்டை. ஆக்கள் அதுக்கு முன்னமே கமராவைப் பதிச்சுப்போடுவினம். அந்தச் செட்டையையும் உடம்பின்ர பக்கத்தில உள்ள நிறத்திட்டுகளையும் வச்சுத்தான் ஒவ்வொரு நீலத்தையும் தனித்தனியா அடையாளம் பிடிக்கிறது. ஸ்பேர்ம் எண்டா வாலின்ர பின்விளிம்பில உள்ள வெட்டுகள்.

முத்துநகர்:
வாலைத் தூக்கினா நீலம் இல்லைன்னு ஒருத்தர் சொன்னாரே, சரியா?

சோழகம்:
இல்லை. இலங்கைக் கடலில நீலமும் நல்லாத் தூக்கும். தூக்காதது பிரைட்ஸ் திமிங்கிலம். அதுக்குத் தலையில மூண்டு வரம்பு ஓடும், கிட்டப் போனாத்தான் தெரியும். கிட்டப் போகச் சொல்லேல்லை, எஞ்சினை நிப்பாட்டினா சிலவேளை அதுவே வரும்.

கடற்காகம்:
முதலாவது நிண்ட இடத்தில தண்ணி செங்கல் நிறத்தில கலங்கினது. காயமோ?

சோழகம்:
பயப்பிடாதேங்கோ, அது மலம். தெற்கில, கடல் உயிரியல் ஆய்வாளர் ஆஷா டி வோஸின்ர ஆக்கள் அதை அள்ளி ஆராய்ஞ்சுதான், இங்கத்தைய நீலம் கூனி இறால் வகையைத் தின்னுது எண்டு கண்டவை. அந்தப் படம் கலங்கலெண்டாலும் பரவாயில்லை, நேரத்தையும் இடத்தையும் எழுதி இங்க போடுங்கோ.