சப்ஜெக்ட்-வெர்ப் அக்ரிமென்ட்: 'உடன்பாடு' வேணாம், 'இயைபு'ன்னு வைப்போம்

எல்லாருக்கும் வணக்கம்.

இங்கிலீஷ் இலக்கணச் சொல்லுக்குத் தமிழ்ச் சொல் தேடி பட்டியல் போடுற இந்த இழையை ரெண்டு நாளா விடாம படிச்சுட்டு வர்றேன். இப்போ பேச்சு 'சப்ஜெக்ட்-வெர்ப் அக்ரிமென்ட்' பத்தி, அதாவது எழுவாய்க்கு ஏத்த மாதிரி வினை மாறணும்ங்கற விதி. 'எழுவாய்-வினை உடன்பாடு'ன்னு முடிவு பண்ணிடலாம்னு நாலஞ்சு பேர் சொல்லிட்டீங்க, அதான் அவசரமா எழுதுறேன், தயவுசெஞ்சு அதை வைக்காதீங்க. ரெண்டு நாட்டுக்கு நடுவுல போடுற அக்ரிமென்டுக்கு உடன்பாடு சரி. ஆனா இலக்கணத்துல அந்தச் சொல்லுக்கு ஏற்கனவே வேற வேலை இருக்கு. 'வருவான்' உடன்பாட்டு வினை, 'வாரான்' எதிர்மறை வினை, இது பள்ளிக்கூடத்துலயே படிச்சதுதான். இப்போ 'உடன்பாட்டு விதி'ன்னு ஒரு பாடம் வந்தா, படிக்கிற பிள்ளை 'நாட்' வராத வாக்கியத்தைப் பத்தின பாடம்னுதான் நினைக்கும். 'ஒப்பந்தம்' பத்தி பேசவே வேணாம், அது பத்திரத்துல கையெழுத்து போடுற விஷயம்.

'எழுவாய்-பயனிலை'ன்னு சொன்னவங்களுக்கும் ஒரு வார்த்தை. பயனிலை வேற, வினை வேற. 'அவர் டாக்டர்'னு தமிழ்ல சொன்னா டாக்டர்ங்கற பேரே பயனிலையா நின்னுடுது, வினையே வேண்டாம். இங்கிலீஷ்ல அங்க 'இஸ்' இல்லாம வாக்கியம் நிக்காது, இந்த விதி பிடிக்கிறதும் அந்த 'இஸ்'ஸைத்தான். அதனால 'வினை'ன்னே இருக்கட்டும்.

என் முன்மொழிவு எழுவாய்-வினை இயைபு. ஏன்னு சொல்றதுக்கு முன்னாடி போன வாரம் நடந்த ஒண்ணைச் சொல்லிடுறேன். சாயங்காலம் எங்க தெருப் பிள்ளைங்க அஞ்சாறு பேருக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுக்குறேன். ஏழாவது படிக்கிற பொண்ணு ஒருத்தி 'மை சிஸ்டர்ஸ் கோஸ் டு ஸ்கூல்'னு எழுதி, நான் சுழிச்சு விட்டதும் பென்சிலை எடுத்து சிஸ்டர்ஸோட கடைசி எஸ்ஸையும் கோஸோட கடைசி எஸ்ஸையும் ஒரு வளைகோடு போட்டு சேர்த்துக் காமிச்சா. "ரெண்டு பக்கமும் எஸ் இருக்குல்ல சார், அப்புறம் எப்படித் தப்பு?"ன்னு கேட்டா. எனக்கு அப்படியே நின்னு போச்சு, ஏன்னா அவ சொன்னது தமிழ்க் காதுக்கு அத்தனையும் நியாயம். அவன் வந்தான், அவள் வந்தாள், அவர் வந்தார், பேச்சுல கூட அவங்க வந்தாங்க, பேரோட வாலும் வினையோட வாலும் ஒரே ஓசைல முடியுது. இங்கிலீஷ்ல பேருக்கு எஸ் போட்டா பன்மை, வினைக்கு எஸ் போட்டா ஒருமை, அதுவும் படர்க்கை ஒருமைல நிகழ்காலத்துல மட்டும்.

இதை இங்க ஏன் சொல்றேன்னா, 'இயைபுன்னா இயைபுத் தொடை, செய்யுள்ல அடி முடிவு ஒத்து வர்றது, குழப்பும்'னு ஒரு அக்கா எழுதியிருந்தாங்க. அக்கா, தமிழைப் பொறுத்தவரைக்கும் அது குழப்பமே இல்ல, உதவிதான். வால் ஒத்து வர்றதுதான் நம்ம இயைபுன்னு சொல்லிட்டு, இங்கிலீஷ்ல எழுத்து ஒத்து வராது, எண்ணும் (ஒருமை, பன்மை) இடமும் (தன்மை, முன்னிலை, படர்க்கை)தான் ஒத்து வரும்னு அடுத்த வரியிலயே சொல்லிடலாம். அந்தப் பொண்ணுக்கு அப்படித்தான் சொன்னேன், உடனே புரிஞ்சுகிட்டா.

அடுத்தது, இந்த விதியையே தொல்காப்பியம் சொல்லிருக்கு, கிளவியாக்கம்ங்கற இயல்ல 11வது நூற்பா: "வினையின் தோன்றும் பாலறி கிளவியும் பெயரின் தோன்றும் பாலறி கிளவியும் மயங்கல் கூடா தம்மரபினவே." பேர் காட்டுற பாலும் (ஆண், பெண், பலர், ஒன்று, பல) வினை காட்டுற பாலும் ஒண்ணுக்கொண்ணு மாறி வரக்கூடாது, அவ்வளவுதான். அது பிசகினா வழு, சரியா இருந்தா வழாநிலை, பிசகினாலும் ஏத்துக்கிட்டா வழுவமைதி. மூணு சொல்லும் நம்ம கைல ரெடியா இருக்கு, புதுசா எதுக்கு உருவாக்கணும்? 'ஷி கோ' இட வழுவா எண் வழுவான்னு கேட்டீங்கன்னா, எண்ணு பார்த்து 'எண் வழு'ன்னே போடலாம்னு நினைக்கிறேன். 'பால் வழு' வேணாம், இங்கிலீஷ் வினை ஆண் பெண் பாக்கிறதே இல்ல.

வழுவமைதிதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். ஒருத்தரைப் பார்த்துப் பேசும்போதும் 'யூ ஆர்'னுதான் சொல்றோம், 'யூ இஸ்' கிடையாது, ஏன்? ஒரு காலத்துல ஒருத்தருக்கு 'தௌ', பல பேருக்கு 'யூ'. 1611ல அச்சான கிங் ஜேம்ஸ் பைபிள்ல 'தௌ கோயஸ்ட்', 'ஹி கோயெத்'னு ஆளுக்கொரு வால் இருக்கும். மரியாதைக்காக ஒருத்தரையே யூன்னு கூப்பிட ஆரம்பிச்சு, கடைசில தௌ வழக்கொழிஞ்சு போய், பன்மை வினை மட்டும் ஒட்டிக்கிட்டு நின்னுடுச்சு. நம்ம 'நீங்க வந்தீங்க' மாதிரியேதான். ஒருத்தரைப் பன்மையில சொல்றது உயர்சொல், வழக்குல வந்தது, இலக்கண முறை இல்லன்னு தொல்காப்பியமே சொல்லுது. பிரிட்டிஷ்காரங்க 'தி டீம் ஆர்'னு எழுதுறதும், அமெரிக்கால பெரும்பாலும் 'தி டீம் இஸ்'னு எழுதுறதும் இதே தலைப்புக்குள்ள வந்துடும். 'கேன்', 'மஸ்ட்' மாதிரி யாருக்கும் மாறாம நிக்கறதுக்கு நன்னூல்ல வேறு, இல்லை, உண்டு மூணையும் ஐம்பால் மூவிடத்துக்கும் பொதுன்னு சொல்றாங்களே, அந்தப் 'பொதுவினை' போதும்.

ஒண்ணே ஒண்ணுக்குத்தான் சொல் கிடைக்கல. 'தி கலர் ஆஃப் தி ஃப்ளவர்ஸ் ஆர் ரெட்'னு எழுதுறாங்க பாருங்க, எழுவாய் கலர், ஆனா பக்கத்துல உக்காந்திருக்கிற ஃப்ளவர்ஸ் வினையைத் தன் பக்கம் இழுத்துடுது. இங்கிலீஷ் தாய்மொழியா பேசுறவங்களே அடிக்கடி பண்றது இது. 'ஈர்ப்பு வழு'ன்னு யோசிச்சேன், புவியீர்ப்பு ஞாபகம் வருது. மேல சொன்ன நூற்பால 'மயங்கல்'னு வருதே, அதை எடுத்து 'அண்மை மயக்கம்'னு வைக்கலாமா? வேற்றுமை மயக்கம் (ஒரு வேற்றுமை வரவேண்டிய இடத்துல இன்னொண்ணு வர்றது) ஏற்கனவே இருக்கறதால இலக்கணம் படிச்சவங்களுக்குப் பழகின சொல்தான். பக்கத்துல இருக்கறவங்களைக் கூப்பிடுற 'அண்மை விளி'யோட மோதுமான்னு மட்டும் யாராவது பார்த்துச் சொல்லுங்க, மோதலன்னா இயைபு, அண்மை மயக்கம் ரெண்டையும் சேர்த்தே பட்டியல்ல ஏத்திடலாம்.