மேல் பெட்டி எட்டாதவளின் விமானப் பயணங்கள்

விமானத்தில் என் கதை தொடங்குவதே தலைக்கு மேலே இருக்கும் லக்கேஜ் பெட்டியில்தான். என் உயரம் 4 அடி 9 அங்குலம். எமிரேட்ஸில் பணிப்பெண் வேலைக்குச் சேர நுனிக்காலில் நின்று 212 செ.மீ. உயரத்தை எட்டித் தொட வேண்டும். அவசரக் கருவிகள் மேலே இருப்பதால் அப்படி ஒரு விதி. ஓர் ஆசைக்கு வீட்டுக் கதவில் டேப் வைத்து அளந்து பார்த்தேன். எவ்வளவு எக்கினாலும் விரல் 188-ல் நின்றுவிட்டது.

பழைய வகைப் பெட்டியில் தட்டு அசையாது, மூடி மட்டும் மேலே திறக்கும். பையை வைக்க யாராவது கைகொடுத்துவிடுவார்கள். எடுப்பதுதான் கூத்து! உதவியவர் பையை உள்சுவர் வரை தள்ளிவிட்டு, எனக்கு முன்பே இறங்கிப் போயிருப்பார். ஒருமுறை கோவையில் இறங்கும்போது பின்வரிசைப் பெரியவர் ஒருவர், “எந்தப் பைம்மா?” என்று கேட்டார். “கறுப்பு டிராலி, ஐயா” என்றேன். அந்தப் பெட்டியில் இருந்ததெல்லாம் கறுப்பு டிராலிதான். அவர் ஒவ்வொன்றாக இறக்கி, “இதுவா?” என்று என்னிடம் காட்ட, “அது என்னோடது” என்று வேறு யாரோ வாங்கிக்கொண்டார்கள். எங்களைச் சுற்றி இருந்தவர்களின் சாமான் எல்லாம் இறங்கிய பிறகு கடைசியாக என் பை வந்தது. அத்தனை பேரும் அவருக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். மனிதர் முகமெல்லாம் சிரிப்பு.

போயிங் 787-லும் புதிய 737-லும் மூடிக்குப் பதில் பெட்டியே கீழே இறங்கி வரும். எல்லா விமானத்திலும் இதுதான் இருக்க வேண்டும் என்பேன். பையை நானே வைத்துவிடலாம். ஆனால் நிறைந்த பெட்டியை மேலே தள்ளிப் பூட்டுவது லேசில்லை. நான் பாதி தூரம் தள்ளினால் மெல்லத் திரும்பி வந்துவிடும். ஒருநாள் எதிர் சீட்டிலிருந்து என் உயரமே உள்ள ஓர் அக்கா எழுந்து வந்தார். “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று இருவரும் சேர்ந்து தள்ளினோம். ‘டக்’கென்று பூட்டிக்கொண்டதும் பக்கத்து வரிசையில் கைதட்டினார்கள்.

உட்கார்ந்த பிறகு நம் காட்டில் மழைதான். எல்லோரும் முட்டி இடிக்கிறது என்று புலம்பும் வரிசையில் நான் காலை மடித்துச் சம்மணம் போட்டுக்கொள்வேன். தொங்கவிட்டால்தான் தொல்லை. பாதம் தரையைத் தொடாததால் சீட் விளிம்பு தொடைக்கடியில் அழுத்தி, நீண்ட பயணத்தில் கால் மரத்துப்போகும். முன்சீட்டுக்கு அடியில் தள்ளிவைத்த தோள்பையின் மேல் பாதத்தை வைத்துக்கொள்ளுங்கள், நல்ல வித்தியாசம் தெரியும். உணவு மேசையில் மாட்டும் கால் ஊஞ்சலும் கடையில் கிடைக்கிறது. ஆனால் சில விமானங்களில் அனுமதிப்பதில்லை.

அப்புறம் என் மகனோடு போவது தனிக் கதை. ப்ளஸ் டூ படிக்கிறான், கிட்டத்தட்ட ஆறடி. டெல்லி போகும் வழியில் பணிப்பெண் அவனிடம், “சார், தங்கச்சியை பெல்ட் போடச் சொல்லுங்க” என்றார். அவன் ஜன்னல் பக்கம் திரும்பித் தோள் குலுங்கச் சிரிக்கிறான். “அவன் என் பையன்மா” என்றதும் அந்தப் பெண் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு இறங்கும்வரை எங்கள் வரிசைக்கு ராஜ உபசாரம்!

தூத்துக்குடி போகும் சின்ன ஏடிஆர் விமானத்தில் நிலைமை தலைகீழ். உள்ளே நடுவிலேயே உயரம் 191 செ.மீ.தான், ஓரத்தில் பெட்டி இன்னும் தாழ்வு. சீட்டுக்குள் நுழையும்போதே அவன் தலையில் நங்கென்று இடித்துக்கொண்டான். “நீ உட்காருடா” என்று சொல்லிவிட்டு, அவன் பையையும் சேர்த்து நானே மேலே வைத்தேன்.